திருட்டுப் புகாரை ஆர்.பி.எஃப்கிட்ட குடுக்கறதா, ரயில்வே போலீஸ்கிட்ட குடுக்கறதா? பெருந்துறை வாசகிக்கு பதில்

கேள்வி: ஐயா வணக்கம். பெருந்துறைல டீச்சரா இருக்கேன். போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு ஈரோட்டுல ராத்திரி ட்ரெயின் ஏறி சென்னை போனோம். தலைமாட்டுல வெச்சிருந்த ஹேண்ட்பேக்கை காணோம். உள்ள ரெண்டு பவுன் செயின், செல்போன், ஏடிஎம் கார்டு, கொஞ்சம் பணம். ஜோலார்பேட்டை தாண்டி முழிச்சப்பதான் பாத்தேன். இறங்குன ஸ்டேஷன்ல காக்கி டிரஸ்ல நின்ன ஒருத்தர்கிட்ட சொன்னா, "நாங்க ஆர்.பி.எஃப், இது எங்க கேஸ் இல்ல, ரயில்வே போலீஸ் ஸ்டேஷன் போங்க"ன்னார். அங்க போனா, "எந்த ஊர்ல போச்சுன்னே தெரியாம எப்படி எழுதறது, ஏறுன ஊர்லயே போய் குடுங்க"ன்னு சொல்லீட்டாங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னு அப்படியே கிளம்பிட்டோம். இப்ப குடுத்தா வாங்குவாங்களா? ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு போலீஸ் எதுக்கு? இன்னொரு விஷயம், என் பையன் பி.எஸ்சி முடிச்சுட்டு ஆர்.பி.எஃப் பரீட்சைக்கு படிக்கறான். எங்க வீட்டுக்காரர் "அது வாட்ச்மேன் வேலை, அதுக்கா டிகிரி படிச்சே"ங்கறார். என்ன சொல்றதுன்னு தெரியலைங்க.

பதில்:

வணக்கமுங்க அம்மிணி. நான் ஆர்.பி.எஃப்ல, அதாவது ரயில்வே பாதுகாப்புப் படைல, இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவன், அதனால உங்க ரெண்டு கேள்வியும் எனக்கு பழக்கமான கேள்விதான், மொதல்ல அவசரமானதுக்கு பதில் சொல்லீட்டு அப்பறம் கதைக்கு வர்றனுங்க.

இப்பவும் புகார் குடுக்கலாம். ஒரு மாசம் ஆயிடுச்சுன்னு யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஈரோடு ஜங்ஷன்லயே ரயில்வே போலீஸ் ஸ்டேஷன் இருக்குது, ஜி.ஆர்.பின்னு சொல்லுவாங்க, இந்த வாரத்துக்குள்ளயே போயிருங்க. போகறப்ப டிக்கெட்டோட பி.என்.ஆர் நம்பர், கோச், பர்த், பேக்கை கடைசியா பாத்தது எந்த ஸ்டேஷன் சுமாருக்கு, காணோம்னு தெரிஞ்சது எந்த ஸ்டேஷன் சுமாருக்கு, எதிர் பர்த்துல யார் இருந்தாங்க, நடுவுல யாராச்சும் இறங்குனாங்களான்னு ஞாபகம் வர்றதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதீட்டுப் போங்க. செயினுக்கு கடை பில் இருந்தா ஜெராக்ஸ், இல்லாட்டி அந்த செயினை போட்டுட்டு எடுத்த போட்டோ ஏதாச்சும் ஒண்ணு, அதுவே போதும், நம்மூர்ல விசேஷத்துக்கு எடுத்த போட்டோவுக்கா பஞ்சம். ஏன் அன்னிக்கே குடுக்கலைன்னு கேப்பாங்க, அங்க வாங்காம தாட்டி உட்டாங்க, கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க.

ஒண்ணு மட்டும் கவனமுங்க. எழுதறப்ப "காணாமல் போய்விட்டது"ன்னு எழுதீராதீங்க, "திருடு போய்விட்டது"ன்னு எழுதுங்க. காணோம்னு எழுதுனா புகார் வாங்குனதுக்கு சி.எஸ்.ஆர்னு ஒரு ரசீதை கையில குடுத்து அனுப்பிருவாங்க, ஃபைல் அப்படியே தூங்கும். திருட்டுன்னு எழுதுனா எஃப்.ஐ.ஆர் போட்டே ஆகோணும். ஓடற வண்டிக்குள்ள இருந்து பொருளை திருடறது சாதா திருட்டு கூட இல்லீங்க, ஐ.பி.சிக்கு பதிலா வந்த புது பாரதிய நியாய சன்ஹிதால 305வது பிரிவு, 7 வருஷம் வரைக்கும் ஜெயில்.

"எந்த ஊர்ல போச்சுன்னு தெரியாம எப்படி எழுதறது"ன்னாங்களே, அது சட்டம் தெரியாத பேச்சா இல்ல சோம்பேறித்தனமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. தூங்கீட்டு இருக்கறவங்களுக்கு பேக் சங்ககிரில போச்சா, மொரப்பூர்ல போச்சான்னு எப்படித் தெரியும்? இது வெள்ளைக்காரன் காலத்துலயே யோசிச்ச விஷயம்தான். பயணத்துல நடந்த குற்றத்தை அந்த வண்டி கடந்து போன எந்த எல்லைல இருக்கற கோர்ட்டும் விசாரிக்கலாம்னு பழைய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சிலயே இருந்துச்சு, 2024 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாலயும் 203வது பிரிவா அப்படியே இருக்குது. அது போக 173வது பிரிவுல, குற்றம் எந்த எல்லைல நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் குடுக்கலாம்னு தெளிவாவே போட்டுட்டாங்க, ஜீரோ எஃப்.ஐ.ஆர்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, அதுதான் இது. ஆன்லைன்ல அனுப்பலாம், ஆனா 3 நாளைக்குள்ள போய் கையெழுத்து போடோணும். எஃப்.ஐ.ஆர் காப்பி இலவசமா குடுக்கோணும். அப்பவும் வாங்க மாட்டேன்னா ரயில்வே எஸ்.பிக்கு புகாரை எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, அதுக்கும் அசையலைன்னா மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போடலாம். நூத்துக்கு தொண்ணூறு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது, 173ன்னு நீங்க வாயத் திறந்து சொன்னாலே சேர் எடுத்துப் போடுவாங்க.

இன்னொரு தடவை இப்படி நடந்தா, நடக்க வேண்டாம், நடந்தா, வண்டிலயே டிடிஇகிட்டயோ கார்டுகிட்டயோ கேளுங்க, எஃப்.ஐ.ஆர் பாரம் அவங்ககிட்ட இருக்கோணும், எழுதிக் குடுத்தா அடுத்த ரயில்வே போலீஸ் ஸ்டேஷன்ல சேத்துருவாங்க, நீங்க பயணத்தை முறிச்சுட்டு நடுராத்திரில எங்கயும் இறங்க வேண்டியதில்லை. 139க்கு போன் போட்டாலும் ஆகும். முந்தி 182ன்னு தனி நம்பர் இருந்துச்சு, 2021ல அதையும் 139லயே சேத்துட்டாங்க.

சரி, இனி ரெண்டு போலீஸ் எதுக்குங்கற கதை.

பிளாட்பாரத்துல ரெண்டு பேரும் காக்கிதான் போட்டிருப்பாங்க, ரெண்டு பேர் கையிலயும் லத்தி இருக்கும், ஜனங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? தோள்பட்டைல பாருங்க. ஆர்.பி.எஃப்னு மூணு எழுத்து இருந்தா அவங்க மத்திய சர்க்கார், அதுவும் உள்துறை இல்ல, ரயில்வே அமைச்சகத்துக்கு கீழ வர்றவங்க. தமிழ்நாடு போலீஸ் பேட்ஜ் இருந்தா அவங்க ஜி.ஆர்.பி, உங்க பெருந்துறை ஸ்டேஷன்ல இருக்கற போலீஸோட சொந்த டிபார்ட்மென்ட்தான், இங்க இருந்து அங்க டிரான்ஸ்பர்ல போவாங்க வருவாங்க. செலவை மட்டும் மாநில சர்க்காரும் ரயில்வேயும் பாதிப்பாதி போட்டுக்குவாங்க.

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் குழப்பம்னு நெனைக்காதீங்க, 150 வருஷத்துக் குழப்பம். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்துல ஆரம்பிச்ச லைன் சேலம், ஈரோடு, போத்தனூர்னு நம்மூரை குறுக்கால வெட்டீட்டு 1862ல மேற்குக் கடற்கரைல பேப்பூர் வரைக்கும் போயிடுச்சு. கோயமுத்தூர் டவுனுக்குள்ள ரயில் வந்ததே 1873லதான், அது வரைக்கும் போத்தனூர்தான் எல்லாம். ரயில் அன்னிக்கு கம்பெனிக்காரன் சொத்து. அவனுக்கு லாபம் கூட்ஸ்லதான், பஞ்சு, தானியம், உப்பு, மரம். கூட்ஸ் எங்க நிக்குதோ அங்க திருட்டும் இருக்கும், அதுல சந்தேகமே வேண்டாம்.

மொதல்ல போலீஸ் எல்லாம் கலந்துதான் இருந்துச்சு, கம்பெனி சம்பளம், சர்க்கார் அதிகாரம், யாருக்கு யார் பதில் சொல்றதுன்னே தெரியாது. 1872ல ரயில்வே போலீஸ் கமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க. அந்தக் கமிட்டிதான் ரெண்டாப் பிரிக்கச் சொல்லுச்சு, சட்டம் ஒழுங்கு பாக்க சர்க்கார் போலீஸ், சொத்தைக் காவல் காக்க கம்பெனி ஆளுங்க. 1881ல நிஜமாவே பிரிச்சாங்க. உங்களை அங்கயும் இங்கயும் அலைய உட்டாங்களே, அந்த அலைச்சலோட பிறந்தநாள் அதுதானுங்க. சர்க்கார் போலீஸ் பக்கம் இன்னிக்கு ஜி.ஆர்.பி. கம்பெனி ஆளுங்க பக்கம் இன்னிக்கு ஆர்.பி.எஃப்.

அந்தக் கம்பெனி ஆளுங்க ஆரம்பத்துல வெறும் சௌக்கிதாருங்க, அதாவது காவல்காரங்கதான். கூட்ஸ் ஷெட்டுக்கு ஒருத்தன், யார்டுக்கு ஒருத்தன், அந்தந்த டிபார்ட்மென்ட் ஆபீசருக்கு கீழ. யாருக்கும் யாரும் சம்பந்தமில்ல. மொதல் உலகப்போருக்கு அப்பறம் சரக்கு போக்குவரத்து எச்சாகி திருட்டும் எச்சானதால, எல்லாத்தையும் ஒரே சூப்பரின்டெண்டன்ட் கீழ கொண்டாந்து வாட்ச் அண்ட் வார்டுன்னு பேர் வெச்சாங்க, 1954 வரைக்கும் அதுதான் ஓடுச்சு. ஆக உங்க வீட்டுக்காரர் வாட்ச்மேன்னு சொல்றது பொய்யில்லீங்க, கணக்கு மட்டும் எழுபது வருஷம் பிந்தியிருக்குது.

சரக்குத் திருட்டுன்னா என்னன்னு ஈரோட்டுக்காரங்களுக்கு ஒரு விஷயம் சொல்லோணும். ஒரு காலத்துல சென்னைல இருந்து வர்றது ப்ராட் கேஜ், திருச்சில இருந்து கரூர் வழியா வர்றது மீட்டர் கேஜ், ரெண்டும் ஈரோட்டுல சந்திக்கும். இந்த வேகன் அந்தத் தண்டவாளத்துல ஓடாது. அதனால ஒவ்வொரு மூட்டையும் ஆள் வெச்சு இறக்கி அடுத்த வேகன்ல ஏத்தோணும், நூறு மூட்டை இறங்குனா தொண்ணூத்தெட்டு ஏறும், மீதி எங்கன்னு கேட்டா ரெண்டு பக்கமும் ரெண்டு ரிஜிஸ்டரை நீட்டுவாங்க. அதனாலதான் எங்க டிபார்ட்மென்ட்ல சீல்னா அவ்வளவு பயபக்தி. வேகன் கதவுக் கொண்டில கம்பியை கோத்து ஈயத்துல அடிக்கற சீல் இருக்கே, வண்டி யார்டுக்குள்ள வந்ததும் லாந்தரோ டார்ச்சோ புடிச்சுட்டு ஒவ்வொரு வேகனா ரெண்டு பக்கமும் நடந்து, சீல் இருக்குதா, நம்பர் ஒத்துப்போகுதா, கம்பியை அறுத்துட்டு திரும்ப முறுக்கி உட்டிருக்கானான்னு கைல தொட்டுப் பாக்கோணும். கண்ணுல பாத்தா பத்தாது. உள்பக்கமா அறுத்துட்டு முறுக்கை வெளிப்பக்கம் அப்படியே உட்டிருப்பானுங்க, தொட்டு இழுத்தாத்தான் கையோட வரும். சீல் உடைஞ்சது எந்த யார்டுல கண்டுபுடிக்கப்பட்டுச்சோ அதுக்கு முந்துன யார்டுக்காரன் தலையில பழி, அதனால வண்டியை வாங்கறப்பவே பாத்து எழுதாட்டி நாம மாட்டிக்குவோம். இன்னிக்கு சரக்கு பாதி கன்டெய்னர்லயும் மூடுன ரேக்லயும் போகுது, அந்த நடை குறைஞ்சு போச்சு, ஆனா பழைய ஆளுங்க இன்னும் பூட்டைப் பாத்தா ஒருக்கா இழுத்துப் பாத்துட்டுத்தான் நகருவோம்.

இந்தக் கதைல எங்கயாச்சும் பயணி வர்றாரான்னு பாருங்க. வரமாட்டாரு. ரயில்ல காக்கி வந்ததே சரக்குக்கும் சர்க்காருக்கும்தான், ஏறி உக்காந்திருக்கற ஜனத்துக்காக இல்ல. நம்ம போத்தனூரே சாட்சி. 1921 நவம்பர்ல கேரளாவுல மலபார் பக்கம் நடந்த மாப்பிள்ளைக் கலவரத்துல புடிச்ச கைதிங்க சுமார் நூறு பேரை திரூர்ல காத்துப் போகாத கூட்ஸ் வேகன்ல அடைச்சு போலீஸ் காவலோட அனுப்புனாங்க, போத்தனூர்ல கதவைத் திறந்தப்ப பொணமாக் கிடந்தாங்க, கடைசில செத்தவங்க கணக்கு 60க்கும் மேல. அப்பறம் 1942 ஆகஸ்ட்ல சிங்காநல்லூர் பக்கம் வெடிமருந்து ஏத்தீட்டு வந்த கூட்ஸை நம்மாளுங்க கவுத்தாங்க, சூலூர் ஏரோட்ரோமுக்கு தீ வெச்சதும் அதே மாசம்தான். அந்த நாள்ல தண்டவாளம்னா சர்க்கார், அதை காக்கறவன் சர்க்கார் ஆளு, அவ்வளவுதான் ஜனங்க கணக்கு.

சுதந்திரத்துக்கு அப்பறமும் இந்தப் பிரிவினையை யாரும் எடுக்கல, அதுக்குக் காரணம் அரசியல் சாசனத்துலயே இருக்குது. ஏழாவது அட்டவணைல மாநிலப் பட்டியல்ல ரெண்டாவது வரி போலீஸ், அதுலயே "ரயில்வே போலீஸ், கிராமப் போலீஸ் உட்பட"ன்னு எழுதியிருக்குது. ஆக ரயில்ல நடக்கற கொலை, கொள்ளை, திருட்டு எல்லாம் மாநில போலீஸ் சோலி. மத்திய சர்க்கார் ஆளான ஆர்.பி.எஃப் அதுல எஃப்.ஐ.ஆர் போட முடியாது. அந்த அதிகாரத்தையும் ஆர்.பி.எஃப்க்கு குடுத்துரலாம்னு அப்பப்ப பேச்சு வரும், மாநிலங்க ஒத்துக்காது, பேச்சு அடங்கிரும்.

1957ல ஆர்.பி.எஃப் சட்டம் வந்துச்சு, அந்தப் பழைய காவல் ஆளுங்கதான் சட்டப்படி ஆர்.பி.எஃப் ஆனாங்க. அப்பவும் வேலை ரயில்வே சொத்தைக் காக்கறதுதான். 1962 சீனா சண்டைல இருக்கற ஆளுங்களையே பொறுக்கி ஒரு ஸ்பெஷல் எமர்ஜென்சி ஃபோர்ஸ் அமைச்சாங்க, 1965ல அதுக்கு ஆர்.பி.எஸ்.எஃப், அதாவது ரயில்வே பாதுகாப்பு சிறப்புப் படைன்னு பேர் மாத்துனாங்க, பட்டாலியன் கணக்குல ஆயுதத்தோட எங்க வேணா போற ஆளுங்க அவங்க. எங்களுக்கு நிஜமான பல் முளைச்சது 1966 சட்டத்துலதான், ரயில்வே சொத்தை சட்டவிரோதமா வெச்சிருக்கறதுக்கான சட்டம். தண்டவாள கிளிப்போ, சிக்னல் கேபிளோ, காப்பர் வயரோ ஒரு பழைய இரும்புக் கடைல கிடைச்சா, திருட்டுப் பொருள்னு சந்தேகப்பட நியாயமான காரணத்தை நாங்க காட்டுனாப் போதும், எப்படி நேர்மையா வந்துச்சுன்னு கடைக்காரன்தான் நிரூபிக்கோணும். மொத தடவைக்கே 5 வருஷம் வரைக்கும் தண்டனை. விசாரிக்கறதும் நாங்களே, கோர்ட்டுல கேஸ் போடறதும் நாங்களே. 1985ல சட்டத்தைத் திருத்தி யூனியனோட ஆயுதப்படைன்னு அறிவிச்சாங்க, அந்த செப்டம்பர் 20தான் எங்க ரைசிங் டே, படை உருவான நாள். அதோட தொழிற்சங்கம் வெக்கற உரிமை போச்சு, அது இன்னும் பழைய ஆளுங்களுக்கு வயித்தெரிச்சல்.

பயணி எங்க கணக்குல வந்தது 2003ல சட்டத்தை மறுபடியும் திருத்துனப்பதான், 2004ல இருந்து அமலு. அதுக்கு அப்பறம்தான் "பயணிகள் பாதுகாப்பு"ங்கற வார்த்தையே எங்க கடமைல வருது. சங்கிலி இழுக்கறது, லேடீஸ் கோச்சுல ஆம்பளை ஏறறது, கூரை மேலயும் படிக்கட்டுலயும் தொங்கறது, டிக்கெட் புரோக்கர், லைசென்ஸ் இல்லாம விக்கறது, தண்டவாளத்தைக் குறுக்கால தாண்டறது, இப்படி ரயில்வே சட்டம் 1989ல இருக்கற நெறைய சமாச்சாரத்துல புடிக்கவும் கேஸ் நடத்தவும் எங்களுக்கு அதிகாரம் வந்துச்சு. ஆனா உங்க பேக்கை ஒருத்தன் தூக்கீட்டுப் போனா அது இன்னும் ஜி.ஆர்.பி கேஸ்தான். நாங்க ஆளை கையும் களவுமாப் புடிச்சாலும் கொண்டுபோய் அவங்ககிட்டதான் ஒப்படைக்கோணும்.

அதனால உங்ககிட்ட "இது எங்க கேஸ் இல்ல"ன்னு சொன்ன அந்த ஆர்.பி.எஃப் ஆளு சொன்னது சட்டப்படி சரி. ஆனா கூடவே நாலடி நடந்து வந்து ஜி.ஆர்.பில உக்கார வெச்சுட்டுப் போயிருக்கோணும், அதுக்கு எந்த சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர் அதிகாரத்தை எங்களுக்கே குடுத்துரோணும்னு சொல்ற கட்சி இல்லீங்க நான். ஊருக்குள்ள இருக்கற திருடனைப் பத்தி ஊர் போலீசுக்குத்தான் தெரியும், அடகுக் கடை எங்கன்னும் அவங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பெரிய ஸ்டேஷன்லயும் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல ஒரே மேசைல உக்காந்து புகார் வாங்குனாப் போதும்.

நடுராத்திரி ரயில்ல காவல்னா எவ்வளவு கஷ்டம்னு சேலத்துக்காரங்க மறந்திருக்க மாட்டாங்க. 2016 ஆகஸ்ட்ல சேலத்துல இருந்து சென்னைக்கு ரிசர்வ் பேங்க் பணம் 342 கோடி போன வண்டில, ஆயுதம் வெச்ச போலீஸ் அதே வண்டில வர்றப்பவே, கூரையை வெட்டி உள்ள இறங்கி 5.78 கோடியை எடுத்துட்டுப் போயிட்டானுங்க, எக்மோர்ல வந்து கதவைத் திறந்தப்பதான் மேல வெளிச்சம் தெரிஞ்சுது. விருத்தாசலம் வரைக்கும் அப்ப கரண்ட் லைன் இல்ல, கரண்ட் இருந்திருந்தா கூரை மேல ஏறியிருக்க முடியாது. சி.பி.சி.ஐ.டிக்கு கேஸ் போய், 2018லதான் மத்தியப் பிரதேசத்து கும்பல்னு புடிச்சாங்க. அதுக்காக உங்க ரெண்டு பவுனுக்கு நம்பிக்கை இல்லைன்னு சொல்லலீங்க. ரயில்ல பேக் தூக்கறவன் பெரும்பாலும் தொழிலா செய்யறவன், இன்னொரு கேஸ்ல மாட்டறப்ப பழசெல்லாம் வெளிய வரும், அப்ப உங்க எஃப்.ஐ.ஆர் இருந்தாத்தான் அந்த செயின் உங்களுதுன்னு கோர்ட்டுல கேக்க முடியும்.

நஷ்டஈடு ரயில்வே தருமான்னு நீங்க கேக்கல, ஆனா யாராச்சும் சொல்லி உசுப்பேத்துவாங்க, அதனால சொல்லீர்றேன். ரயில்வே சட்டம் 100வது பிரிவுப்படி, புக் பண்ணி ரசீது வாங்காம கூடவே எடுத்துட்டுப் போற லக்கேஜுக்கு, ரயில்வே ஊழியரோட அசட்டைன்னு நிரூபிச்சாத்தான் பொறுப்பு. 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டும், இடுப்பு பெல்ட்டுல வெச்சிருந்த ஒரு லட்சம் திருடு போன ஒரு பயணியோட கேஸ்ல, சொந்தப் பொருளைக் காக்க வேண்டியது பயணிதான், அது ரயில்வேயோட சேவைக் குறைபாடு ஆகாதுன்னு தீர்ப்பு சொல்லீருச்சு. அதனால கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு வக்கீல் பீஸ் கட்டறதுக்கு முந்தி நல்லா யோசிச்சுக்கோங்க.

இனி பையன் விஷயம்.

வாட்ச்மேன் வேலைன்னு சொல்ற உங்க வீட்டுக்காரரை ஒரு நா திருப்பூர் ஸ்டேஷனுக்கு கூட்டீட்டுப் போங்க. தன்பாத்ல இருந்து ஆலப்புழா போற வண்டி நிக்கறப்ப ஆர்.பி.எஃப் ஆளுங்க ஒவ்வொரு கோச்சா சீட்டுக்கு அடியில பையை இழுத்துப் பாப்பாங்க, கஞ்சா பொட்டலம் அந்த வழிலதான் எச்சா வருது, 2019ல இருந்து போதைப்பொருள் சட்டத்துல சோதனை போடற அதிகாரமும் எங்களுக்கு இருக்குது. அதே வண்டில இருந்து மில்லு வேலைக்கு யாரோ கூட்டீட்டு வர்ற பதினாலு வயசுப் பையன் இறங்குவான், ஆதார்ல பதினெட்டுன்னு இருக்கும், மூஞ்சியைப் பாத்தா இருக்காது. அவனை ஓரமா உக்கார வெச்சு, பிஸ்கட் குடுத்து, பயமுறுத்தாம, அவன் பாஷைல நாலு வார்த்தை பேசி, கூட வந்தவன் மாமனா ஏஜென்டான்னு கண்டுபுடிக்கோணும். அவசரப்பட்டு அதட்டுனா பையன் வாயே திறக்க மாட்டான், ஏஜென்ட் கூட்டத்துல கரைஞ்சிருவான். இது எந்த வாட்ச்மேனுக்கும் வராத வேலைங்க.

பொம்பளைங்க பாதுகாப்பும் இப்ப பெரிய பொறுப்பு. தனியாப் பயணம் பண்றவங்களை வண்டி ஏறுன இடத்துலயே பாத்துப் பேசி வழி பூரா கவனிக்கறதுக்கு 2020ல இருந்து மேரி சஹேலின்னு தனி ஏற்பாடு இருக்குது. இருந்தும் 2025 பிப்ரவரில நம்ம திருப்பூர்ல லேடீஸ் கோச்சு ஏறி சித்தூர் பக்கம் சொந்த ஊருக்குப் போன ஒரு கர்ப்பிணிப் பொண்ணை, ஜோலார்பேட்டைல ஏறுன ஒருத்தன் தொந்தரவு பண்ணி ஓடற வண்டில இருந்து தள்ளி உட்டான், வயித்துல இருந்த குழந்தை போயிருச்சு. அந்தாளுக்கு சாகும்வரை ஆயுள் தண்டனை குடுத்தாங்க, சரிதான். ஆனா அன்னிக்கு அந்தக் கோச்சுல ஒரு காக்கி ஏறி எட்டிப் பாத்திருந்தா அந்தாளு வாலைச் சுருட்டியிருப்பான். உங்க பையன் இந்த வேலைக்கு வந்தா ஆளில்லாத கோச்சுன்னு தாண்டிப் போகாம ஏறிப் பாக்கோணும்னு இப்பவே சொல்லி வளத்துங்க.

பரீட்சைன்னு எடுத்தா, 2024ல வந்த அறிவிப்புல கான்ஸ்டபிளுக்கு 4,208 எடம், எஸ்.ஐக்கு 452 எடம். கான்ஸ்டபிளுக்கு பத்தாவது போதும், எஸ்.ஐக்கு டிகிரி. உங்க பையன் டிகிரிக்காரன், ரெண்டுக்கும் போடச் சொல்லுங்க. சம்பளம் கான்ஸ்டபிளுக்கு அடிப்படை 21,700, எஸ்.ஐக்கு 35,400, அலவன்ஸ் தனி. கம்ப்யூட்டர் பரீட்சைல 120 கேள்வி, 90 நிமிஷம், தப்பான பதிலுக்கு மூணுல ஒரு பங்கு மார்க் போகும், தமிழ்லயே எழுதலாம், அதனால ஹிந்தி தெரியலைன்னு பயப்பட வேண்டாம், ஆனா வேலைல சேந்த பின்னாடி ஹிந்தி இல்லாம ஒரு நாள் ஓடாது, இப்பவே பேசிப் பழகறது நல்லது.

நம்ம பசங்க பெரும்பாலும் கோட்டை உடறது புத்தகத்துல இல்லீங்க, கிரவுண்டுல. எஸ்.ஐக்கு 1,600 மீட்டர் 6 நிமிஷம் 30 செகண்டுல, கான்ஸ்டபிளுக்கு 5 நிமிஷம் 45 செகண்டுல ஓடோணும். தாண்டறதும் உண்டு, கான்ஸ்டபிளுக்கு லாங் ஜம்ப் 14 அடி, ஹை ஜம்ப் 4 அடி. கோச்சிங் சென்டர்ல ஆறு மாசம் கணக்கு போட்டுட்டு கடைசி மாசத்துல ஓட ஆரம்பிப்பானுங்க, முட்டி வலி வந்து உக்காந்துக்குவானுங்க. உயரம் 165 சென்டிமீட்டர் இருக்கோணும், எஸ்.சி, எஸ்.டிக்கு 160, அதை மொதல்லயே அளந்துருங்க, அங்க போய் அரை சென்டிமீட்டர்ல திரும்பி வந்தவங்களை எனக்குத் தெரியும்.

சேந்தா என்ன கஷ்டம்னும் சொல்லீர்றேன், அப்பறம் அந்த ரிட்டயர்ட் மனுசன் சொல்லலைன்னு சொல்லக் கூடாதில்லீங்களா. தீபாவளி, பொங்கல், மாரியம்மன் நோம்பி எதுக்கும் ஊட்ல இருக்க முடியாது, ஊரே ரயில் ஏறற நாள்லதான் எங்களுக்கு டூட்டி. ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் எல்லாம் சேலம் டிவிஷன், 2007 நவம்பர்ல பாலக்காட்டையும் திருச்சியையும் பிரிச்சு உருவாக்குனது, ஆனா பொள்ளாச்சி இன்னும் பாலக்காடுதான், அதனால "நம்மூர்லயே போஸ்டிங்"னு நெனைச்சுட்டு வரக் கூடாது, பட்டாலியனுக்குப் போட்டாங்கன்னா எலெக்‌ஷன் டூட்டின்னு அஸ்ஸாமுக்கும் போகோணும், காஷ்மீருக்கும் போகோணும். பொண்ணு பாக்கறவங்க "மாப்பிள்ளை எந்த ஊர்ல இருப்பாரு"ன்னு கேட்டா உங்களால பதில் சொல்ல முடியாது. பதவி உயர்வு மெதுவாத்தான் வரும், 2019ல இந்த சர்வீஸுக்கு குரூப் ஏ அந்தஸ்து குடுத்தது மேல இருக்கற ஆபீசருங்களுக்கு நல்லது, கீழ இருக்கறவனுக்கு அவ்வளவா ஒண்ணும் மாறல. இத்தனையும் பையன்கிட்ட படிச்சுக் காட்டுங்க, அதுக்கும் மேல ஆசை இருந்தா ஓட உடுங்க, தடுக்காதீங்க.

அப்பறம் ஒண்ணு மறந்துட்டேன் அம்மிணி. அந்த செல்போன் வாங்குன டப்பாவை தூக்கிப் போட்டுறாதீங்க, அதுலதான் அந்த போனோட அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ நம்பர் இருக்கும். உங்க பழைய போன் நம்பருக்கே புது சிம் வாங்கீட்டு, எஃப்.ஐ.ஆர் காப்பியை வெச்சு மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல அந்த ஐ.எம்.இ.ஐயை பிளாக் பண்ணுங்க. எவனாச்சும் அதுல வேற சிம் போட்டான்னா தகவல் போலீசுக்கு வரும், போன் எந்த ஊர்ல இருக்குதுன்னு தெரிஞ்சா பேக்கை எடுத்தவன் பக்கம் போறதுக்கும் அதுதான் வழி. ஈரோடு ஸ்டேஷனுக்குப் போறப்ப அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.